ஒரே பேனாவில் பதினான்கு கையெழுத்து

1. அழகான கடிதம்

இருபத்து மூன்று வருட நிர்வாக வேலையில் நான் எழுதியதிலேயே அழகான கடிதம் ஒரு சஸ்பென்ஷன் ஆர்டர். அது சட்டப்படி செல்லாது என்று எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. வாசகம் என்னுடையதல்ல. என் மாமனாருக்கு அவருடைய அரசு அலுவலகம் எப்போதோ கொடுத்த சஸ்பென்ஷன் ஆர்டரைப் பார்த்து வரிக்கு வரி எழுதியது. எங்கள் வீட்டில் அதற்குத் தனி ஃபைல் உண்டு.

செங்கம் ரோட்டில் நாற்பது அறை உள்ள ஓட்டலில் நான் அட்மின் மேனேஜர். ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை, 204ஆம் அறையில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண்மணி வந்தார். முந்தின நாள் சாயந்திரம் ஆறிலிருந்து எட்டுக்குள் தன் கேமரா காணாமல் போய்விட்டது என்றார். பூட்டு உடையவில்லை. மாடி சிசிடிவி மூன்று மாதமாக ரிப்பேர். ரிப்பேர் பார்ப்பதற்கான ஃபைல் என் மேஜையில்தான் இருந்தது. மாஸ்டர் சாவி ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரிடம் இருக்கும். டூட்டி ரெஜிஸ்டரைப் புரட்டினேன். பௌர்ணமியன்று கூட்டம் என்பதால் பகல் ஷிஃப்ட் இரவு ஒன்பது வரை நீளும்; அதில் குமுதாவின் கையெழுத்து இருந்தது.

முதலாளி போனில் சொன்னார்: "போலீஸு கீலீஸுன்னு போனா ரிவ்யூல எழுதிடுவாங்க. நீங்களே பாத்து முடிங்க."

குமுதா கீழ்பென்னாத்தூர்க்காரர். பதினோரு வருட சர்வீஸ். கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"நான் எடுக்கல சார்."

"அப்ப ஆறு மணிக்கு எங்க இருந்தீங்கம்மா?"

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "தெரியாமத்தான் கேக்குறீங்களா சார்?"

திமிர் என்று நினைத்தேன். திமிர் என்றால் குற்றம். அன்று மதியமே ஆர்டர் ரெடி. சம்பளம் பாதி, ஓட்டல் வளாகத்துக்குள் வரக்கூடாது, தலைமையிடத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறக்கூடாது. வளாகத்துக்குள் வராத சூப்பர்வைசருக்குத் தலைமையிடம் எது என்று நான் யோசிக்கவில்லை. மாமனாரின் ஆர்டரில் அந்த வரி இருந்தது.

2. வேங்கிக்காலில் பார்த்தது

அடுத்த திங்கட்கிழமை லைசென்ஸ் வேலையாக வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் போனேன். மனு கொடுக்கும் கூட்டத்துக்கு நடுவில் குமுதா உட்கார்ந்திருந்தார். ஓட்டல் யூனிஃபார்ம் புடவை, மடியில் சாப்பாட்டுப் பை. என்மேல் பெட்டிஷன்! அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, வேளாண் மானியத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி என்பதை முழுவதுமாகப் படித்தேன்.

மறுநாளிலிருந்து ரிசப்ஷன் தினகரனை வேவு பார்க்க அனுப்பினேன். மூன்றாம் நாள் ரிப்போர்ட் கொடுத்தான்.

"அக்கா தெனமும் வருது சார். எந்த ஆபீஸுக்குள்ளயும் போவல. ஃபேனுக்குக் கீழ குந்திக்கினு இருக்குது. நாலரைக்குக் கெளம்பிடுது."

"யாரையோ எதிர்பாக்கறாங்கடா. பெரிய ஆளா இருக்கும்."

"பஸ்ஸத்தான் எதிர்பாக்குது சார். வேலைல இல்லன்னு ஊர்ல தெரிஞ்சா, திருட்டுக் கேஸுன்னு பேராயிடும். அதான் எப்பவும்போல எட்டு மணி பஸ்ல யூனிஃபார்மோட ஏறி வந்துடுது."

நான் நம்பவில்லை. இவனுக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்று தினகரன்மேலும் ஒரு கண் வைத்தேன்.

3. விசாரணை

வெளியாள் ஒருவர் விசாரிப்பதுதான் முறை என்று ஊரில் உள்ள ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாகப் போட்டோம். வயதானவர், மெதுவாகப் பேசுபவர். மெதுவாகப் பேசுபவர்களிடம் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. நிர்வாகத் தரப்பில் நான். எதிரே குமுதா. சாட்சிக்குத் தினகரன்.

வக்கீல் என் கடிதத்தைத்தான் முதலில் எடுத்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"இது எந்த ரூல்படி போட்டது?"

"கம்பெனி ரூல்படிதான் சார்."

"உங்க ரூல் புக்க ரெண்டு தரம் படிச்சிட்டேன். சஸ்பென்ஷன்ற வார்த்தையே அதுல இல்ல. அவங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்லயும் இல்ல. ரூலு இல்லன்னா, வேலைக்கு வராதேன்னு நீங்க சொல்லலாம். ஆனா முழுச் சம்பளம் குடுத்துட்டுத்தான் சொல்லணும். பாதி சம்பளம்னு எப்டிப் போட்டீங்க?"

மாமனாருக்கு அப்படித்தான் போட்டார்கள் என்று சொல்ல முடியவில்லை.

"சரி, இவங்க டூட்டில இருந்தா விசாரணைக்கு இன்னா கெடுதின்னு யோசிச்சீங்களா? சாவி இல்லாத வேலைல, லாண்டரில போட்டிருக்கலாமே?"

யோசிக்கவில்லை. அவர் குமுதா பக்கம் திரும்பினார்.

"ஆறு மணிக்கு எங்கம்மா இருந்தீங்க?"

குமுதா மறுபடியும் என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா சார்?" என்றேன் நான், வெற்றியோடு.

வக்கீல் ரெஜிஸ்டரைக் கேட்டார். பௌர்ணமிப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மத்த நாள்ல ஆளுக்கொரு பேனா. பௌர்ணமிக்கு மட்டும் பதினாலு பேருக்கும் ஒரே பச்சை மை. சுழிகூட ஒரே மாதிரி இருக்குது. யாருப்பா இது?"

தினகரன் எழுந்து நின்றான். "எல்லாரும் கிரிவலம் போவாங்க சார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நான்தான் போட்டுடுவேன்."

"சாவி?"

"அது ரிசப்ஷன் ஆணில மாட்டியிருக்கும் சார்."

அந்த ஆணியை யார் வேண்டுமானாலும் எட்டலாம். வக்கீலின் விரல் ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கி, கடைசிக் கையெழுத்தில் நின்றது. 'சரிபார்க்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே இருந்தது. என்னுடையது. அதுவும் பச்சை.

அப்போதுதான் குமுதா வாயைத் திறந்தார். "இனிமே மறைச்சி இன்னா சார் ஆவப்போவுது? சாரையே கேளுங்க. ஆறே காலுக்கு கிரிவலப் பாதையில ஆதி அண்ணாமலை கிட்ட நின்னு சுக்கு காப்பி குடிச்சிக்கினு இருந்தாரு. என்னப் பாத்துடப் போறாருன்னு நான் மரத்தாண்ட மறைஞ்சி நின்னேன். அப்பிடியும் பாத்துட்டாருன்னுதான் நெனச்சேன். சொன்னா பதினாலு பேரு வேலையும் போயிடும், சார் வேலையும் போயிடும். அதான் சொல்லல."

உண்மைதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி தினகரனிடம் சொல்லிவிட்டு ஐந்து மணிக்கு நான் கிளம்பிவிடுவேன். ஓட்டலில் நான் ஒருவன்தான் இப்படிச் செய்கிறேன், மற்ற எல்லோரும் டூட்டியில் இருக்கிறார்கள் என்று மனதார நம்பியிருந்தேன். அன்று சுக்கு காப்பி இரண்டு டம்ளர் குடித்ததும் ஞாபகம் வந்தது.

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபது வருசமா விசாரணை பண்றேன். புகார் குடுத்தவரே எதிர்த்தரப்பு சாட்சியா வந்தது இப்பதான்."

4. இளையவர்களுக்கு

ஆர்டர் வாபஸ் ஆனது. குமுதாவிடம் பிடித்தம் செய்த சம்பளம் முழுவதும் திரும்பப் போனது. பதினான்கு பேருக்கும் மெமோ கொடுக்கச் சொன்னார் முதலாளி. எனக்கான மெமோவையும் நானே டைப் செய்து, நானே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை நிஜமாகவே நான் போட்டது. கேமரா இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போதும் அந்த ஆணியைத் தாண்டிப் போகிற ஒவ்வொருவரையும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிடுகிறேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. சஸ்பென்ஷன் தண்டனையல்ல என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் யாரும் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. ஆகவே ஒருவரை வெளியே நிறுத்தும் முன் அதற்கு ரூல் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் உள்ளே இருந்தால் விசாரணை கெடுமா, வேறு வேலையில் போட்டால் போதாதா என்று யோசியுங்கள். ரெஜிஸ்டரைக் காட்டிக் குற்றம் சாட்டும் முன், அதில் உள்ள உங்கள் கையெழுத்தை நீங்கள்தான் போட்டீர்களா என்றும் ஒருமுறை பாருங்கள்.

குமுதா வேலைக்குத் திரும்பிய அன்று, தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "உங்களப் போயி சந்தேகப்பட்டுட்டேம்மா."

"அத்த விடுங்க சார். நாங்களும் உங்களத்தான் சந்தேகப்பட்டோம்."

"என்னையா?"

"பின்ன? வேற யாரையும் ஒரு வார்த்த விசாரிக்காம அன்னிக்கு மத்தியானமே ஆர்டர நீட்டுனா யாருக்கும் தோணும்தான? ஹவுஸ்கீப்பிங்ல எல்லாரும், சார்தான் எடுத்துட்டு நம்ம மேல போடுறாருன்னு பேசிக்கினாங்க. நான்தான் இல்லவே இல்லன்னு அடிச்சிச் சொன்னேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என் மேல அவ்ளோ நம்பிக்கையாம்மா?"

"அது இல்ல சார். அதுக்கெல்லாம் சாமர்த்தியம் வேணும், நம்ம சாருக்குப் பத்தாதுன்னு சொன்னேன்."