மூட்டைகளுக்கு நடுவே போன என் குரல்

குரலை வைத்துப் பிழைக்கிறவள் நான். போன ஆடி மாதம் அந்தக் குரலே போய்விட்டது. மாரியம்மனை நம்புகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் இருந்தால் என் மனசு ஆறாது.

சங்கராபுரம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. விளம்பரங்களுக்கும் கதைகளுக்கும் குரல் கொடுப்பது என் தொழில். ஆட்டோவில் மைக் கட்டிப் போகும் ஜவுளிக்கடை விளம்பரத்தில் ஆரம்பித்தேன். எட்டு வருடத்தில் சென்னைக் கம்பெனிகள் வரை என் குரல் போனது. நான் மட்டும் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. மக்காச்சோள மூட்டை அடுக்கும் அறைதான் என் ஸ்டுடியோ. சுற்றிலும் கூரை வரை மூட்டை இருந்தால் எதிரொலி வராது. ஜன்னலை அடைத்துவிட்டால் கிணற்று மோட்டார் சத்தமும் கம்மி. இப்படி ஒரு ஸ்டுடியோ பட்டணத்தில் யாருக்கு இருக்கிறது என்று நான் பீற்றிக்கொள்ளாத ஆள் கிடையாது.

ஆனியில் குரல் கரகரத்தது. சளி என்று நினைத்துக் கஷாயம் குடித்தேன். ஆடி பிறந்ததும் ஒரு நாள் காலையில் பால்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

சின்னசேலத்தில் ரயில் ஏறி சேலம் போனோம். டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். குரல் நாணில் வீக்கம் இருக்கிறது, மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, குசுகுசுவென்று கூடப் பேசக் கூடாது என்றார். அப்படியும் வடியாவிட்டால் வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமாம். எதற்கான பரிசோதனை என்று என் வீட்டுக்காரர் கேட்டார். டாக்டர் சொன்ன அந்த நோயின் பெயரை இங்கே எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

பயம் என்றால் அப்படி ஒரு பயம். எச்சில் விழுங்கும்போதெல்லாம் வீக்கம் வளர்ந்துவிட்டதா என்று தொண்டையைத் தடவிப் பார்ப்பேன். ஒரு முழுப் புத்தகத்தை வாசித்துத் தர ஒப்புக்கொண்டிருந்தேன், அதுகூட மறந்துவிட்டது. ஒரு சாயங்காலம் என் ஏழு வயது மகள் போனில் நான் எப்போதோ சொன்ன கதையைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, நீ இனிமே போன்ல மட்டுந்தான் பேசுவியா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டக் கூடத் தைரியம் வரவில்லை.

யாராவது பேச்சுக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று பகல் முழுக்க அந்த மூட்டை அறைக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். ஒரு வாரம் ஓடியது. இருமல்தான் ஜாஸ்தியானது.

மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள் வந்தது. எப்போதும் கூட்டத்தில் முதலில் "தாயே" என்று கத்துகிறவள் நான். அன்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவள் முன்னால் நின்றேன். குரலைக் கொடு என்று கேட்கத் தோன்றவில்லை. 'என் பிள்ளைக்காக என்னை விட்டு வை, எனக்கு ஒரு வழி காட்டு' என்று மட்டும் உள்ளுக்குள் கேட்டேன். சத்தம் வராமல் அழுதேன்.

கூழ் வாங்கும் வரிசையில் எனக்கு இருமல் வந்தது. முன்னால் நின்ற அக்கா திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, நீயும் சோள மில்லுக்குத்தான் போய்க்கினு இருக்கியா?"

தூக்கிவாரிப் போட்டது. அவர் கேட்டதை விட, அந்தக் குரல். அடியில் ஒரு கரகரப்பு, நடுவில் காற்று ஒழுகும் விரிசல். குரலைக் கேட்டுக் கேட்டே பழகிய காது என்னுடையது. ஆனியில் எனக்கிருந்த அதே குரல் அது. இல்லை என்று தலையாட்டித் தொண்டையைக் காட்டினேன்.

மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து கீழே மில் வேலைக்கு வந்தவராம். "மூட்டத் தூசு தொண்டையில போயி ஒக்காந்துக்கினா இப்பிடித்தான் ஆவும். மில்லுக்குப் போவாதன்னாரு டாக்டரு. போவாம இன்னா பண்றது?" என்றார்.

கூழ் வாங்காமலே வீட்டுக்கு ஓடினேன். நோட்டில் எழுதிக் காட்டினேன். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு மூட்டைகளைப் பார்த்தார். விலை ஏறட்டும் என்று மாசியிலிருந்து காத்து வைத்திருந்தவர்.

"மூட்ட போனா போவுது. நீ பேசினா போதும்," என்றார். மறுநாளே டிராக்டர் வந்தது. காலியான அறையில் நான் உட்காரும் இடத்தை விரலால் தொட்டேன். தூசு மாவாக ஒட்டியது. எட்டு வருடமாக அதைத்தான் மூச்சாக இழுத்து வாசித்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சேலம். நான் எழுதிக் கொடுத்த சீட்டை டாக்டர் படித்தார், இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டார். பிறகு கேமரா விட்டுப் பார்த்தார். வீக்கம் நன்றாக வடிந்திருக்கிறது, வெட்ட வேண்டியதில்லை, பேசிப் பாருங்கள் என்றார். வாயைத் திறக்க எனக்குப் பயம். "மாரியம்மா" என்றேன். கரகரப்பாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது பழைய மெத்தைகளையும் துவைத்த போர்வைகளையும் கட்டி அதே அறையில் வேலை செய்கிறேன். ஜன்னல் ஒன்று திறந்தே இருக்கிறது, மோட்டார் நின்ற பிறகுதான் பதிவு. அந்தப் புத்தகத்தையும் முடித்துக் கொடுத்துவிட்டேன். மில் வாசலில் காத்திருந்து அந்த அக்காவைக் கண்டுபிடித்து அதே டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவருக்கு முழுசாகச் சரியாகவில்லை. இப்போது மூக்கில் துணி கட்டாமல் மூட்டையைத் தொடுவதில்லை. அம்மன்தான் உங்களை அனுப்பினாள் என்று சொன்னால், "நான் கூழு வாங்கத்தாம்மா வந்தேன்" என்று சிரிக்கிறார்.

பயத்தில் வேண்டக் கூட வார்த்தை வராமல் இருப்பவர்களே, அப்படியே போய் அவள் முன்னால் நில்லுங்கள். ஊரெல்லாம் கேட்ட என் குரல் போன பிறகு, நான் சத்தமில்லாமல் கேட்டேன். அவளுக்கு அது கேட்டது.