மெத்தென்று ஓடுகிற கார்

ஏழு மாத வயிற்றோடு ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறவளை மாத்தளையில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்காக என்னைப் பயமே இல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மாதங்களில் நான் தும்முவதற்கே பயந்தேன். முன்னால் இரண்டு தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டும். காலையில் கண் விழித்ததும் வயிற்றில் கை வைத்து, அசைவு தெரிகிறவரை கட்டிலை விட்டு இறங்கமாட்டேன்.

என் பழைய கார் சிவப்பு. இரண்டே சீட்டு, மேலே துணிக்கூரை. அதில் ஏறுவது என்று சொல்லக்கூடாது, இறங்குவது என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு பள்ளம். பெரிய வேகமும் கிடையாது. ஆனால் ஸ்டியரிங்கை விரலால் தொட்டாலே திரும்பும். ரோட்டில் ஒரு கல் கிடந்தால் அது எத்தனை பெரியது என்று இடுப்புக்குத் தெரிந்துவிடும். கியர் மாற்றும்போது டக்கென்று ஓர் உதறல் வரும். அந்த உதறலுக்குத்தான் பிள்ளை முதன்முதலில் உதைத்தது. பலாபத்வல போகிற வழியில், மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினேன், உதை. அப்புறம் அது வாடிக்கையாகிவிட்டது. நான் கியர் மாற்றினால் உள்ளே இருந்து ஒரு பதில் வரும்.

அதைக் கெடுத்தது கிளினிக் மிட்வைஃப். வெளியே நின்ற காரைப் பார்த்துவிட்டு, "இதுலயா வர்றீங்க? உடம்பைக் குலுக்கக் கூடாதுன்னு போன மாசமே சொன்னேனே" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

புத்தியுள்ளவள் என்றால் வேனுக்கு மாறியிருப்பாள். என் வீட்டுக்காரர் ஒரு வேனைப் பார்த்தும் வைத்திருந்தார். "வேன்ல ஏத்திட்டுப் போக நான் என்ன வெங்காய மூட்டையா?" என்றேன். அத்தோடு அவர் வேன் பேச்சை விட்டுவிட்டார். எனக்கு வேண்டியது குலுக்காத இன்னொரு ஸ்போர்ட்ஸ் கார். வெளிநாட்டு வாகனங்கள் இலங்கைக்கு வராமல் நின்றிருந்த காலம் அது. வேண்டியதை வாங்க முடியாது, இருப்பதை மாற்றிக்கொள்ளலாம். பலாபத்வலயில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம் வெள்ளி நிற டர்போ கார் ஒன்று இருந்தது. அவருக்கு என் சிவப்பின் மேல் வெகுநாளாக ஒரு கண். காருக்குக் கார் என்று பேச்சு அரை மணியில் முடிந்தது.

"மெத்தை மாதிரி போகும் தங்கச்சி" என்றார் நானா. "ஆனா மிதிச்ச உடனே போகாது. கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் தள்ளும். அதுக்கு மட்டும் பழகிக்கோங்க."

மெத்தைதான். பள்ளத்தில் இறங்கினாலும் இறங்கியது தெரியவில்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. காலடியில் ரோடு இருக்கிறதா இல்லையா என்றே புரியாது. மிதித்தால் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் மிதித்தால், போதும் போதும் என்கிற நேரத்தில் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளிய மாதிரி பாயும். ஈர வளைவில் அப்படிப் பாய்ந்தால் பின்பக்கம் லேசாக விலகும். அப்போது என் வயிறு கல்லாகிவிடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இந்தக் காரில் பிள்ளை உதைக்கவில்லை. வீட்டில் அசையும், காரில் ஏறினால் சத்தமே இல்லை.

"தூங்குதாக்கும். சொகுசா இருந்தா தூங்காதா?" என்பார் வீட்டுக்காரர். அவருக்கென்ன, சொல்வார்.

அந்த வாரக் கடைசியில்தான் புதுக் காரை முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனோம். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, காரை ஏற்றி நசுக்கினேன். ஐந்தாவதை ஐயர் அம்மன் காலடியில் வைத்து எடுத்துக் கையில் கொடுத்தார். பழைய காரில் ரேடியோ கழற்றிய பொந்து ஒன்று உண்டு. அம்மன் பழம் அதற்குள் பத்திரமாக இருந்து காய்ந்து சுருங்கிவிடும். இதில் பொந்தும் இல்லை, மேடும் இல்லை, வழுவழுவென்று சரிந்த டேஷ்போர்ட். வீட்டுக்காரர் பழத்தை அதன்மேல் வைத்து, "அசையாது" என்றார்.

மறுநாள் எங்கள் கடைக்கு மிளகு பார்க்க யட்டவத்த பக்கம் போய்விட்டுத் திரும்பினோம். தூறல். இறக்கத்தில் ஒரு வளைவு. பழம் உருண்டு என் காலடியில் விழுந்தது. பிரேக்கை மிதித்தேன். பாதிதான் இறங்கியது. பழம் அடியில் மாட்டிக்கொண்டிருந்தது.

"பழம்" என்றேன்.

"மிதி. அழுத்தி நசுக்கு."

"அம்மன் பழம்ங்க."

கால் அழுத்த மறுத்தது. நான்கு பழத்தைச் சக்கரத்தால் நசுக்கினவள்தான். ஆனால் இது அம்மன் காலடியில் இருந்தது, இது என் செருப்புக் கால். எதிரே பஸ் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. என்னை மன்னிச்சுக்கோ தாயே என்று கண்ணை மூடாமல் கும்பிட்டுவிட்டு மிதித்தேன். பழம் உடைந்தது. பிரேக் பிடித்தது. பின்பக்கம் விலகி, திரும்பி வந்து, கார் நின்றது. பெல்ட் அடிவயிற்றை இழுத்துப் பிடித்தது. பஸ் டிரைவர் ஜன்னல் வழியாக எதையோ சிங்களத்தில் கத்திவிட்டு ஒதுங்கிப் போனார். திட்டுதான், எனக்கு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

காரை ஓரம் கட்டினேன். உள்ளே எலுமிச்சை வாசம். வயிற்றில் கை வைத்தேன். ஒன்றுமில்லை. இடது பக்கம், வலது பக்கம், கீழே. ஒன்றுமே இல்லை.

"அசையுதா?" என்றார்.

"பேசாதீங்க."

தண்ணீர் குடித்தேன். இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தேன். தட்டிப் பார்த்தேன். முன்னால் இரண்டு தடவையும் இப்படித்தான் ஒரு அமைதி வந்தது. அந்த அமைதியை எனக்குத் தெரியும். காலில் ஒட்டியிருந்த சாற்றைத் துடைக்கக்கூடக் கை வரவில்லை.

"மிதிச்சுட்டேங்க" என்று அழுதேன். "அம்மன் பழத்தை மிதிச்சுட்டேன்."

"அம்மனும் பொம்பளைதானே. பிள்ளைக்காகத்தான் மிதிச்சேன்னு அவளுக்குப் புரியாதா? எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

சாவியை என்னால் திருப்ப முடியவில்லை. அவர் சுற்றி வந்து, என்னை அந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். கடை ஆட்டோவைத் தவிர அவர் வேறெதையும் ஓட்டிப் பழகாதவர். ஆட்டோவில் கிளச் கையில், இதில் காலில். முதல் தடவை விட்டார், கார் அணைந்தது. மறுபடி விட்டார், அணைந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இங்கே என் பிள்ளை போய்க்கொண்டிருக்கிறது, இந்த மனுஷன் கிளச் பழகுகிறார். "உங்களை நம்பி ஒரு சைக்கிளைக் கொடுக்க முடியுமா?" என்றேன்.

அவர் முகம் வேர்த்திருந்தது. மூன்றாவது தடவை பிடிவாதமாக மிதித்து, கிளச்சைத் திடீரென்று விட்டார். அந்த மெத்தை கார் மொத்தமும் உலுக்கி எழும்பி, முன்னால் துள்ளி, மறுபடி துள்ளி, டக்கென்று நின்றது.

விலாவுக்குக் கீழே ஓர் உதை.

நான் கத்திவிட்டேன். அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னாச்சு? நான் என்ன செஞ்சேன்?"

அவர் கையைப் பிடித்து உதைத்த இடத்தில் வைத்துக்கொண்டேன்.

"இன்னொரு தடவை" என்றேன். "அதே மாதிரி கிளச்சை விடுங்க."