பொறை சாப்பாடு இல்லை

பாதி பொறை. டீக்கடையில் கண்ணாடி ஜாடிக்குள் போட்டு வைத்திருப்பார்களே, டீயில் நனைத்தால்தான் பல்லுக்குப் படியும் அந்தக் காய்ந்த ரொட்டி, அதில் பாதி. என் அத்தை இரண்டு கட்டை விரலையும் வைத்து அதை உடைப்பார். ஒருநாளும் சரிபாதியாக உடையாது. பெரிய துண்டு ஜூலிக்கு, சின்னது அவருக்கு. தன் டம்ளரிலேயே இரண்டையும் நனைப்பார். விடியற்காலை நாலரை மணிக்குக் கீரப்பாளையத்தில் அந்த வீட்டு அடுப்படியில் தினமும் நடந்த காரியம் இது.

அத்தை என் அப்பாவின் தங்கை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சோறு என்றால் சோறுதான் அவருக்கு. நான் சிதம்பரத்திலிருந்து நான்கு இட்லி தின்றுவிட்டுப் போய் நின்று, சாப்பிட்டாயிற்று அத்தை என்றால், “அது டிபன்டா. சாப்பாடு எப்ப சாப்ட்ட?” என்பார். மாமா போன பிறகு, மகள் வெளிநாட்டுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பொமேரியன் நாய்தான் ஜூலி. வெள்ளையென்று சொல்லி வாங்கியது, வளர்ந்து பழுப்பாகிவிட்டது. முடியை நனைத்தால் உள்ளே நாயே இருக்காது, அவ்வளவு சின்ன உடம்பு.

அந்த உடம்புக்கு இரண்டு பிரசவம். மதிலென்று பெயருக்கு இருந்ததைத் தெரு நாய்கள் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. இரண்டாம் முறை குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டு, ஜூலி பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. வந்து பார்த்த கால்நடை மருத்துவர், இன்னொரு முறை சினை பிடித்தால் தாய் தங்காது, கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த பருவம் வருவதற்குள் எடுத்தாக வேண்டும். எங்கே எடுப்பது? அத்தை போன் செய்தார். “நீ நாலு எடம் வெசாரிச்சு சொல்லுடா. நீ சொன்னா சரி.”

இதுதான் வினை. சிதம்பரம் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், மனு எழுதித் தருகிறேன். சர்க்கார் தமிழைப் பேச்சுத் தமிழாக்கிச் சொல்வதுதான் என் பிழைப்பு. ‘மேற்படி’, ‘நாளது தேதி’ என்று வரும் கடிதங்களைக் குமராட்சிப் பக்கத்து ஆட்கள் கொண்டுவந்து நீட்டினால், நான் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு இரண்டே வரியில் சொல்லி அனுப்புவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. மறைப்பானேன்.

விசாரித்தேன். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஏசி ஓடியது, மீன் தொட்டி இருந்தது, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று பட்டியல் போட்டார்கள். அத்தையின் பென்ஷனுக்கு அது எட்டாது. அந்தப் பணத்தை நான் போட்டிருக்கலாம். போடவில்லை. கடலூரில் குறைந்த செலவில் கருத்தடை செய்கிற கேம்ப் ஒன்று நடப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு வாரம் முன்னதாகவே நேரில் போய்ப் பார்த்தேன். தகர ஷெட்டுதான், ஆனால் தரை கழுவியிருந்தது. கருவிகளை வேகவைத்துத்தான் எடுத்தார்கள். போனில் தேடிப் படித்த கேள்விகளையெல்லாம் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மயக்க மருந்து யார் கொடுப்பது, எத்தனை நாய்க்கு எத்தனை டாக்டர், தையல் பிரிந்தால் யாரைப் பார்ப்பது? அங்கே ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முகத்தில் அசதி தெரிந்தது. எரிந்து விழாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

“பெரிய நாய்னா நான் யோசிக்கவே மாட்டேன் சார். சின்ன நாய்க்கு மருந்து கொஞ்சம் கூடுனாலும் ஆபத்து. வெயிட்ட சரியா பாத்துக்கிட்டு, வெறும் வயித்துல கொண்டாங்க” என்றார். ஒரு தாளும் கொடுத்தார். ‘அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் இரவு முதல் உணவு ஏதும் அளிக்கலாகாது’ என்று அதில் இருந்தது.

தண்ணீர் பற்றியும் ஒரு வரி இருந்தது. படித்தேன், மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஊருக்குத் திரும்பி ஜூலியை மாவு மில்லுக்குத் தூக்கிப் போய், தராசில் கோணியை விரித்து உட்கார வைத்து எடை பார்த்தோம். ஐந்து கிலோ வரவில்லை. மில்காரர், அரைக்கணுமா என்று கேட்டுக் கேலி செய்தார். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் மனுஷன் வாயை மூடிக்கொண்டார். நான் கிராம் சுத்தமாகக் குறித்துக்கொண்டேன். எடைக்கு அவ்வளவு கவனம். ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் அத்தைக்குப் போனில் சொன்னதற்கு அந்தக் கவனம் இல்லை. “ராத்திரி ஒம்போது மணிக்கு மேல சாப்பாடு போட்டுடாதீங்க அத்த, தண்ணியும் வேணாம்” என்றேன். ‘உணவு ஏதும்’ என்று தாளில் இருந்ததை நான்தான் ‘சாப்பாடு’ ஆக்கினேன். என் பிழைப்பே அதுதானே.

விடியற்காலை மச்சானின் ஆம்னி வேனில் கிளம்பினோம். என் மனைவியின் தம்பிதான் ஓட்டினான். ஜூலி அத்தை மடியில் ஜன்னலுக்கு மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. கடலூர் போய்ச் சேர்ந்ததும், சீட்டு எழுதிய உதவியாளர் தலை நிமிராமல், சாப்பாடு குடுத்தீங்களாம்மா என்று கேட்டார். “இல்லப்பா. நேத்து ராத்திரி ஒரு பிடி தயிர் சோறு போட்டதுதான்” என்றார் அத்தை. அவர் பொய் சொல்லவில்லை. ஆயுசில் ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுஷி. பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.

ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். தட்டில் ஒரு பஞ்சு இருந்தது. அதில் டீ நிறத்தில் ஊறிப்போன ரொட்டி.

“மயக்கத்துல வாந்தி எடுத்து மூச்சுக் கொழாய்ல போயிடுச்சு சார். வெறும் வயிறுன்னு சொன்னேனே” என்றார். பெரிய இடத்தில் செய்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். மயக்கம் கொடுத்ததும் தொண்டைக்குள் குழாய் போட்டு வைத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம், இவ்வளவு சின்ன நாய்க்கு அளவான குழாய் இங்கே இல்லை, ஆனாலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று மறைக்காமல் சொன்னார். என் தாளில் பதினோரு கேள்விகள் இருந்தன. குழாயைப் பற்றி ஒன்றும் இல்லை. பொறையைப் பற்றி எப்படி இருக்கும்?

வெளிய இருக்கிற அம்மாகிட்ட நான் சொல்லவா என்று டாக்டரம்மா கேட்டார். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். வெளியே பெஞ்சில் அத்தை ஜூலிக்குப் போர்த்தக் கொண்டுவந்திருந்த பழைய துண்டை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை. மருந்து ஒத்துக்கலையாம் அத்த என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரியில் அத்தையைக் காப்பாற்றினேன், என்னையும் காப்பாற்றிக்கொண்டேன், பழியை அந்தப் பெண்ணின் தலையில் போட்டேன்.

திரும்பும்போது கடலூர் முதுநகர் தாண்டியதும், துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்த ஜூலியைத் தடவிக்கொண்டே அத்தை சொன்னார். “பசியோட அனுப்பலடா. கெளம்பும்போது எப்பவும் போல டீயில நனைச்சு அந்தப் பாதி பொறைய குடுத்தேன். நல்லா தின்னுச்சு. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்.”

வேன் ஓட்டிய மச்சான் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அவனுக்கு விஷயம் தெரியாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன்பிறகு அத்தை சும்மா இருக்கவில்லை. கீரப்பாளையத்தில் யார் வீட்டு நாயானாலும் சரி, வாசலில் நின்று சொன்னார்: “அந்தக் கடலூரு கேம்ப்புக்குக் கொண்டு போவாதீங்க. மருந்து சரியில்ல. என் புள்ளைய அங்கதான் குடுத்தேன்.” சத்துணவு டீச்சர் சொன்னால் ஊர் கேட்கும். மழைக் காலத்தில் வாய்க்கால் ஓரம் யாரோ வீசிவிட்டுப் போன நாய்க்குட்டிகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டே பஸ்ஸில் போகிறேன். என் கடைக்கு வருகிறவர்களிலும் சிலர் கேட்கிறார்கள், சின்ன நாய் சார், கேம்ப்புல ஆபரேஷன் பண்ணலாமா என்று. எனக்கு இன்றைக்கும் தெரியாது. பதினோரு கேள்வி கேட்டவனுக்கே தெரியாது.

ஒன்றே ஒன்று தெரியும். அதைப் பெரிய எழுத்தில் அடித்துப் பிரிண்ட் எடுத்தேன். ‘ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து சோறு, பால், டீ, பொறை, பிஸ்கட், எதுவும் கொடுக்காதீர்கள். நாயின் வயதுக்கும் எடைக்கும் எவ்வளவு நேரம் என்று டாக்டரிடம் கேளுங்கள். தொண்டைக்குக் குழாய் உண்டா என்றும் கேளுங்கள்.’ நான் எழுதியதிலேயே ஒழுங்கான தமிழ் அதுதான். கடை வாசலில் ஒட்டலாம் என்று பசையைக்கூட எடுத்துவிட்டேன். ஒட்டினால் அத்தை படிப்பார். மாதாமாதம் பேங்குக்கு வரும்போது என் கடையில் உட்காராமல் போகமாட்டார். ‘பொறை’ என்ற சொல்லில் அவர் கண் நிற்கும். தாளை மேஜை டிராயருக்குள் போட்டு மூடிவிட்டேன். கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கிறேன். அவர்களும் வரவரக் குறைந்துபோனார்கள்.

போன வாரமும் அத்தை வந்திருந்தார். பக்கத்துக் கடையில் டீ சொன்னேன். அவர் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பொறையை எடுத்து, இரண்டு கட்டை விரலையும் வைத்து உடைத்தார். இப்போதும் சரிபாதியாக உடையவில்லை. பெரிய துண்டைத் தன் டீயில் நனைத்து என்னிடம் நீட்டினார்.

“வெறும் வயித்தோட இருக்காதடா” என்றார்.

வாங்கித் தின்றேன். அந்தத் தாள் கிடக்கிற டிராயர் மூடியிருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.