கமாக்கா அடித்த சொல்

வெளியுறவு அமைச்சகத்தின் சட்டப் பிரிவில் அவளுக்குக் கமாக்கா என்று பெயர். ஒரே ஒரு கமாவுக்காக ஓர் ஒப்பந்தத்தையே திருப்பி அனுப்பியதில் ஒட்டிக்கொண்ட பட்டம். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள்; அவளுக்கா காது கேட்காது?

எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் ரயில் நிலையத்தில் குண்டு வைத்தார்கள். செத்தவர்களில் அவள் தங்கையின் கணவரும் ஒருவர். தங்கை அக்கா வீட்டோடு வந்துவிட்டாள். "அவனுங்கள சும்மா விடாதக்கா" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கமாக்காவுக்கும் வயிறு எரியத்தான் செய்தது. குண்டு வைத்தவர்களைத் திருப்பித் தாக்குவதற்கான கோப்பு, சட்டக் கருத்துக்காக அவளிடமே வந்தது. அதை வேறு யாராவது பார்க்கட்டும் என்று கேட்டும் பார்த்தாள். துறைச் செயலாளர் விடவில்லை.

கோப்பின் தலைப்பு 'பதிலடி'. தாக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, அடுத்த குண்டு தயாராகிக்கொண்டிருந்த மலை முகாம். அதை மூடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்தாயிற்று, பக்கத்து நாட்டு அரசு அசைந்து கொடுக்கவில்லை. மற்றொன்று, அந்தக் கும்பலின் தலைவன் பிறந்த ஊர்.

தலைப்பைப் பேனாவால் அடித்தாள்.

"நடந்து முடிஞ்சதுக்குப் பழிவாங்க சர்வதேசச் சட்டத்துல இடமில்ல சார். தற்காப்புக்குத்தான் இடமிருக்கு."

"இவ்வளவுதானேம்மா?" செயலாளர் பேனாவை எடுத்துத் 'தற்காப்பு' என்று எழுதினார். ஊர் அப்படியே இருந்தது.

"சொல்ல மாத்தினா ஆச்சா சார்? முகாம்ல குண்டு தயாராகுது. அந்த ஊர்ல என்ன தயாராகுது?"

"உங்க வீட்டு ஆளே போயிருக்காரு. ஆத்திரமே வரலையா உங்களுக்கு?"

"வருது சார். அதனாலதான் ரெண்டாவது தடவையும் படிச்சேன்."

முகாமுக்கு மட்டும் சம்மதம் எழுதிக் கையெழுத்திட்டாள். இந்த நெஞ்சுரம் எல்லோருக்கும் வாய்க்காது. செயலாளர் முணுமுணுத்துக்கொண்டே அமைச்சரிடம் கொண்டுபோனார். ஊர் கோப்பிலிருந்து நீங்கியது.

வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் மறைக்காமல் சொன்னாள்.

"என் புருஷன விட அந்த ஊரு உனக்குப் பெருசாப் போச்சா?" என்றவள், அத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

முகாம் தாக்கப்பட்டது. தற்காப்புக்காகத்தான் என்று ஐ.நா. பாதுகாப்புச் சபைக்கும் உடனே தெரிவித்தார்கள். கமாக்காவுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அங்கே செத்தவர்களும் மனிதர்கள்தானே.

மறுநாள் தொலைக்காட்சியில் கும்பல் தலைவன் பிறந்த ஊரென்று அந்த ஊரைக் காட்டினார்கள். ஒரு பெண் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தங்கை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"இதுதானா அந்த ஊரு?"

"ஆமா."

அந்தப் பெண் ஓர் ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

"அவ வீட்டுக்காரர் சட்டை போலருக்குக்கா" என்றாள் தங்கை. அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.