சீட்டில் விழுந்த அணி

ஆகஸ்ட் பதினைந்து, மாலை ஐந்து நாற்பது. வங்காளத் தலைநகரின் டாக்குரியா பகுதியில் காலையிலிருந்து விடாத மழை. வாடகைக்கு எடுத்த கூடத்தில் நூறு நாற்காலி போட்டிருந்தோம். நிரம்பியவை அறுபத்து மூன்று. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் சுதந்திர தினப் பட்டிமன்றம். ‘இணையத்துக்கு அரசின் கடிவாளம் தேவையா?’ என்பது தலைப்பு. நான் நடுவர். யார் எந்த அணி என்பதை எப்போதும் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். அவரவர் நம்புவதைப் பேச விட்டால் கைகலப்பில் முடியும் என்பது எங்கள் அனுபவம்.

ரயில் நிலையத்தருகே இட்லிக் கடை வைத்திருந்த அண்ணாச்சிக்கு ‘தேவையில்லை’ என்ற அணி விழுந்தது. திருநெல்வேலிக்காரர். மாவு கரைக்கும்போதும் அடுக்குமொழி பேசுகிறவர். “எனக்கு வேணும்னுதான் சார் தோணுது. சரி, விழுந்ததைப் பேசிருவோம்” என்று சிரித்தபடி மேடையேறினார். எதிரணி பயப்படுகிற ஆள் எப்படி இருப்பான் தெரியுமா என்று கேட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி அந்த ஆளாகவே மாறினார். “நான் எதையும் போடுவேன்! என்னைக் கேக்க இந்த ஊர்ல எவம்லே இருக்கான்?” கூடம் அதிர்ந்தது. அப்படிப்பட்டவனை அடக்க இருக்கிற சட்டமே போதும் என்று பிறகு வாதாடினார். அவர் அணிக்கே தீர்ப்புச் சொன்னேன்.

நடித்துக் காட்டிய அந்தப் பன்னிரண்டு விநாடியை மட்டும் யாரோ வெட்டி, வங்காள மொழியில் எழுத்து ஓட்டி, கடையின் படத்தோடு இணையத்தில் விட்டார்கள். மூன்றாம் நாள் கடை முன்னால் கூட்டம். தினமும் காலையில் தோசைக்கு வரும் வங்காளப் பெரியவர்கூட, “தாதா, எங்க ஊரையா அப்படிச் சொன்னீங்க?” என்று, அண்ணனைத் ‘தாதா’ என்னும் அவர் மொழியில் கேட்டுவிட்டு, உட்காராமலே போனார். நம்பாத ஒன்றை மேடையில் முழங்குவது எங்கள் வழக்கம் என்று நானும் அண்ணாச்சியும் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

காணொளியை நீக்கச் சொல்லி இருவரும் சால்ட் லேக்கில் இருக்கும் சைபர் காவல் அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்தோம். அது நீங்க இருபத்தாறு நாளாயிற்று. அதற்குள் கட்டட உரிமையாளர் பயந்து கடையைக் காலி செய்ய வைத்துவிட்டார்.

அதே மாதம் எங்கள் தெருவில் தேங்கிய நீரில் அறுந்து கிடந்த மின்கம்பியைப் படமெடுத்துப் போட்டாள் ஒரு மாணவி. அந்தப் பதிவு மறுநாளே காணாமல் போனது. அதிகாரிகள் அரசு மேலிடத்தில் சொல்லி நீக்க வைத்தார்கள் என்றாள். இப்போதும் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. இடப்பக்கம் படுத்தால் கடிவாளம் இருந்திருந்தால் கடை பிழைத்திருக்குமே என்று தோன்றுகிறது. வலப்பக்கம் திரும்பினால் அந்த மின்கம்பி.

போன ஞாயிறு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சாந்த்ராகாச்சிக்குப் போனேன். ரயில்வே யார்டின் ஓரமாக, பெயர்ப் பலகை இல்லாத தகரக் கொட்டகையில் அண்ணாச்சி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“பொங்கலுக்குப் பட்டிமன்றம் இருக்கு அண்ணாச்சி. இந்தத் தடவை சீட்டு வேண்டாம், பிடிச்ச அணியிலே பேசுங்க.”

“வேண்டாம் சார். பேச்சு போதும்.”

டாக்குரியாவில் பதினோரு வருடம் என்னிடம் அவர் காசு வாங்கியதில்லை. நீட்டினால், நடுவரிடம் வாங்கினால் அது லஞ்சமா சம்பளமா என்று பத்து நிமிடம் வாதாடித் திருப்பித் தந்துவிடுவார். அன்றும் நீட்டினேன். அவர் எண்ணிப் பார்த்து, டப்பாவில் போட்டுக்கொண்டு, அடுத்தவருக்குத் தட்டு எடுத்தார்.

நான்கு இட்லி, ஒரு வடை, ஒரு காபி. எண்பத்தைந்து ரூபாய்.