உப்புத் தண்ணீரில் நனைந்த சடைகள்

பள்ளி விடுமுறையில் பாகான் நக்கோடா ஓமார் கடற்கரைக்குப் போயிருந்தபோதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். சொந்த முடியோடு சேர்த்துப் பின்னிய நைலான் சடைகள் மஞ்சளும் கறுப்புமாக இடுப்புவரை தொங்கின. கடலில் குளித்துவிட்டு வந்தவள், பொதுக் குழாயடியில் நின்று ஒவ்வொரு சடையாக நல்ல தண்ணீரில் அலசி, துண்டில் வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

"பிழியக் கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"பிழிஞ்சா பிரிஞ்சிடும்க்கா. அலசாம விட்டா உப்புல வெறைச்சிப் போயிடும்லா."

பின்பக்கம் அவளுக்கு எட்டவில்லை. நான் துண்டை வாங்கிக்கொண்டேன். தொட்டதுமே ஒரு சடை என் கையோடு வந்துவிட்டது. பதறிப்போனேன். அது இருந்த இடத்துக்குப் பக்கத்தில் முடியே இல்லாமல் தோல் சிவந்து கிடந்தது.

"பயப்படாதீங்கக்கா. நான்தான் லூசா பின்னச் சொன்னேன். புடிச்சி இழுத்தா இது மட்டும் கையோட போவட்டும்னு."

"யாரும்மா இழுக்கிறது?"

அவள் பதில் சொல்வதற்குள் கார் நிறுத்துமிடத்தில் ஹார்ன் விடாமல் ஒலித்தது. ஈரச் சடைகளை அவசரமாக அள்ளி முடிந்தாள்.

"என்னோட வந்திடும்மா. என் வீடு பக்கத்துல, சுங்கை பஞ்சாங்லதான்," என்றேன்.

"புள்ள கார்ல இருக்குக்கா," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கார் என்னைக் கடந்து போனது. முன்னிருக்கையில், ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில், அவள் ஒரு கையால் தலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையை அவள் எப்போது இறக்கினாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.