ஐந்தாவது புள்ளி

கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு பத்து நிமிடம் தனியாக நின்றுவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

பெரியப்பாவுக்கு எங்கள் மேல் என்ன வயிற்றெரிச்சலோ, அப்பா செத்த வருடமே ஆரம்பித்துவிட்டார். எங்கள் சமையலறையும் கொல்லையும் அவர் மனையில் வருகிறதாம். இடித்துக் கொடுக்க வேண்டுமாம். கோர்ட்டில் கேஸும் போட்டுவிட்டார். கூடப்பிறந்த தம்பியின் பெண்டாட்டி என்ற ஈவு இரக்கம் கிடையாது.

"போனா போகுதுடி, குடுத்துடு" என்றாள் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழங்கால் வலியோடு அந்த வீட்டை விட்டு எங்கே போவாள்?

எனக்கு வேலையே நிலப்படம் தயாரிக்கும் அலுவலகத்தில்தான். பழைய சர்வே வரைபடத்தைக் கணினியில் ஏற்றி, இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்துவோம். பாலத்தின் மூலை, சாலை வளைவு என்று இரண்டிலும் மாறாத இடங்களாகப் பார்த்துப் புள்ளி வைக்க வேண்டும். நான்கு போதும். மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எவ்வளவு பிசகு என்றும் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அலுவலகத்தில் நான் மட்டும். எங்கள் தெருவின் பழைய படத்தை ஏற்றி நான்கு புள்ளி வைத்தேன். பிசகு ஒரு மீட்டருக்கு மேல். எல்லைக்கோடு எங்கள் சமையலறையை நடுவில் வெட்டிக்கொண்டு போனது. சே!

டீ குடித்துவிட்டு வந்தேன். திரையில் ஐந்து புள்ளிகள்.

ஐந்தாவது எங்கள் கொல்லையில் இருந்தது. பழைய படத்தில் அங்கே ஒன்றுமே கிடையாது. அழித்தேன்.

க்ளிக்.

மறுபடியும் வந்தது. என் கை மௌசில் இல்லை...

பெரிதாக்கிப் பார்த்தேன். மண்ணில் கறுப்பாக, ஈரம் மாதிரி ஒரு வட்டம். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கொல்லையில என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்லயே... இரு. தரை ஈரமா இருக்கு. மழையே இல்லயேடி!"

புள்ளியை அழித்தேன். போனில் அம்மா மூச்சை இழுத்தாள்.

"யாரோ தட்டுறாங்க..."

"கதவையா?"

"கீழேருந்து... அந்த எடம் நமக்கு வேணாம்டி."

வைத்துவிட்டாள்.

க்ளிக்.

பிசகு: பூஜ்யம்.

எங்கள் தொழிலில் பூஜ்யம் வரவே வராது. வந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் கோடு நகர்ந்திருந்தது. சமையலறை, கொல்லை, எல்லாம் எங்கள் பக்கம். அதையே அச்செடுத்துக் கோர்ட்டில் கொடுத்தேன்.

கோர்ட் அனுப்பிய சர்வேயர் அந்தக் கோட்டில் தோண்டினார். புதைந்து கிடந்த பழைய எல்லைக்கல் சரியாக அங்கேயே இருந்தது. ஜெயித்தோம். பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

கொல்லையில் அம்மாவுக்கு ஒரு குளியலறை கட்ட நினைத்தேன். வேண்டவே வேண்டாம் என்றாள். செலவுக்குப் பயப்படுகிறாள் என்று நானே ஆள் விட்டேன்.

கடப்பாரையில் எலும்பு தட்டியது.

பெண் என்றார்கள். கையில் வளையல் இருந்தது.

அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். சொத்தில் பங்கு கேட்டுச் சண்டை போட்டவள். பிறகு யாருடனோ ஓடிப்போய்விட்டாள் என்று சொந்தக்காரர்கள் தலைமுழுகிய அத்தை.

பெரியப்பா போலீசிடம் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "அது அவங்க எடம் சார். இதோ, இவதான் அளந்து நிரூபிச்சா."

அம்மாவிடம் ஓடினேன். "செத்துப்போன அப்பா மேல பழி போடுறாரும்மா! வாயத் திறந்து ஏதாவது சொல்லேன்!"

அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"குழி வெட்டுனது அப்பாதான்டி" என்றாள். "நான் டார்ச் புடிச்சேன்."